ஆரஞ்சு டப்பாவில் துளை போடாதீர்கள்

கேள்வி: சார், சர்ச்சில் கிதார் வாசித்த என் சித்தப்பாவின் எம்.எக்ஸ்.ஆர். ஃபேஸ் 90 பெடல் (காலால் மிதித்தால் கிதார் சத்தத்தைச் சுழல வைக்கும் ஆரஞ்சு டப்பா) இப்போது என்னிடம் இருக்கிறது. மேலே பெயர் கையெழுத்து போல எழுதியிருக்கிறது. சத்தம் சரியாகச் சுழலவில்லை. மிதித்து அணைத்தாலும் கிதார் மந்தமாகக் கேட்கிறது. பேட்டரி நாலே நாளில் தீர்ந்துவிடுகிறது. எல்.இ.டி.யும் அடாப்டர் சாக்கெட்டும் போட்டுத் தருவதாகக் கடைக்காரர் சொல்கிறார். போடலாமா? – வாசகர், கோத்தகிரி

பதில்: வேண்டாம் தம்பி. துளை போட்டால் பழைய பெடலின் மதிப்பு போய்விடும். நீங்கள் சொன்ன மூன்றில் ஒன்றுதான் கோளாறு.

மந்தம் அதன் பிறவிக் குணம். அணைத்த பிறகும் கிதார் உள்ளே சர்க்யூட்டைத் தொட்டுக்கொண்டே இருக்கும், டிரெபிள் கொஞ்சம் குறையும். பேட்டரி தீர்வது உங்கள் பழக்கம். இன்புட்டில் கேபிள் செருகியிருக்கும் வரை கரண்ட் ஓடும், அணைத்தாலும் சரி. ராத்திரி பிடுங்கி வையுங்கள்.

சுழலாததுதான் கோளாறு. 1974-இல் அமெரிக்காவின் ராச்செஸ்டரிலிருந்து முதலில் வந்த மாடல் இது. உள்ளே கிதார் சத்தம் இரண்டாகப் பிரியும். ஒன்று நேராகப் போகும். இன்னொன்று நாலு கட்டம் தாண்டி, அலை முன்பின்னாகி வரும். இரண்டும் சேரும் இடத்தில் சில சுருதிகள் ஒன்றையொன்று அடித்துக் காணாமல் போகும். அப்படிக் காணாமல் போகும் இடம்தான் பள்ளம்; நாலு கட்டத்துக்கு இரண்டு பள்ளம். அவை மேலும் கீழும் நகர்வதுதான் காதுக்குச் சுழற்சி. பர்லியார் பக்கம் மூடுபனியில் ஏறும் பஸ்ஸின் சத்தம் வளைவுக்கு வளைவு நிறம் மாறுமே, எனக்கு அந்த ஞாபகம்தான் வரும். பின்னால், கையெழுத்துக்குப் பதில் பெயரைக் கட்ட எழுத்தில் போட்டு வந்த பெடலில் ஒரு ரெசிஸ்டர் கூடுதல். அதில் நடுச்சுருதி துருத்தும். உங்களுடையது மெத்தென்று இருக்கும், அதைக் குறை என்று நினைக்காதீர்கள்.

முதலில் புது 9 வோல்ட் பேட்டரி போட்டுப் பாருங்கள். சரியாகவில்லை என்றால் அடிமூடியைத் திறங்கள். போர்டில் ஒரே ஒரு பிரிசெட் (ஸ்க்ரூ டிரைவரால் திருப்பும் குட்டிக் குமிழ்) இருக்கும். அது நிற்கும் இடத்தைப் பென்சிலால் குறித்துக்கொண்டு, மேலே உள்ள குமிழால் வேகத்தைக் குறைத்து, கிதாரில் ஒரு கார்டை (chord) வாசித்தபடி பிரிசெட்டை மயிரிழை மயிரிழையாகத் திருப்புங்கள். இரண்டு கோடியிலும் சுழற்சி செத்துவிடும். நடுவில் எங்கோ ஓரிடத்தில் ஆழமாகக் கேட்கும், அங்கே விட்டுவிடுங்கள். நாலு ஃபெட்டை (ஒருவகை டிரான்சிஸ்டர்) தொடவே வேண்டாம். ஒன்றுக்கொன்று பொருந்தும்படி பொறுக்கிப் போட்டவை, ஒன்றை மாற்றினாலும் ஜோடி கெட்டுவிடும்.

கேள்வி: அதே மாதிரி பெடல் என்னிடமும் உண்டு. மழைக்காலத்தில் குமிழைத் திருப்பினால் வேகம் திடீரெனக் குதிக்கிறது. – வாசகி, கொடைக்கானல்

பதில்: அந்தக் குமிழ் கிதார் சத்தம் போகும் வழியில் இல்லை. அதனால்தான் கரகரக்காமல் வேகம் குதிக்கிறது. ஈரமும் தூசியும் சேர்ந்திருக்கும். கான்டாக்ட் கிளீனர் ஒரு சொட்டு விட்டு, இருபது தடவை முழுசாகத் திருப்புங்கள். என்னிடம் வந்த ஒன்றில் யாரோ தையல் மெஷின் எண்ணெய் விட்டிருந்தார்கள். குமிழ் வழுக்கிக்கொண்டு திரும்பியது, வேகம் மட்டும் அப்படியே குதித்துக்கொண்டிருந்தது.