நடுத்தர வர்க்கத்துக்கான அரசுத் திட்டங்களால் யாருக்காவது உண்மையில் பயன் கிடைத்திருக்கிறதா?

எனக்குக் கிடைத்திருக்கிறது: 2,35,068 ரூபாய். 2019 ஏப்ரல் மாதத்தில் ஒரு நாள் என் வீட்டுக்கடன் கணக்கில் அந்தத் தொகை வரவு வைக்கப்பட்டதாக வந்த குறுஞ்செய்தியை இன்றும் அழிக்காமல் வைத்திருக்கிறேன். ஆகவே, எந்த அரசும் நமக்கு எதுவும் செய்ததில்லை என்று இங்கே எழுதியிருப்பவர்களோடு என்னால் முழுமையாக உடன்பட முடியவில்லை. அந்தத் தொகை பிறகு எங்கே போயிற்று என்பதைச் சொல்லத்தான் இவ்வளவு நீளமாக எழுத வேண்டியிருக்கிறது.

பன்னிரண்டு லட்சம் வரை வரி இல்லை என்கிறார்கள், ஜிஎஸ்டி குறைந்துவிட்டது என்கிறார்கள், மாதக் கடைசியில் கையில் ஒன்றும் மிஞ்சவில்லையே, இதில் வீடு வேறு வாங்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். திருமணமாகி ஓரிரு ஆண்டுகள் ஆன, வாடகை வீட்டில் இருக்கும் ஒருவராகவே உங்களை எண்ணிக்கொண்டு எழுதுகிறேன். தவறாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் பாரிமுனை அருகே ஒரு கஸ்டம்ஸ் கிளியரிங் அலுவலகத்தில் கணக்குப் பார்க்கிறேன். மனைவி தண்டையார்பேட்டையில் ஒரு தனியார் பள்ளியில் ஆசிரியை. 2018 ஜூன் மாதத்தில், திருவொற்றியூர் காலடிப்பேட்டையில், கட்டி எட்டு ஆண்டுகள் ஆன ஓர் அடுக்ககத்தின் இரண்டாம் மாடியில் 620 சதுர அடி வீட்டை 30 லட்சத்துக்கு வாங்கினோம். அதில் 24 லட்சம் கடன், இருபது ஆண்டுகள், வட்டி 8.75 விழுக்காடு, மாதத் தவணை 21,209 ரூபாய்.

அப்போது பிரதமர் வீட்டு வசதித் திட்டத்தில், ஆண்டு வருமானம் 6 லட்சத்துக்கு மேல் 12 லட்சம் வரை உள்ள குடும்பங்களுக்கு, கடனில் முதல் 9 லட்சத்துக்கு 4 விழுக்காடு வட்டி மானியம் உண்டு. 6 லட்சத்துக்குள் இருப்பவர்களுக்கு 6 லட்சம் கடன் வரை 6.5 விழுக்காடு, அவர்களுக்கு அதிகபட்சமாக 2,67,280 ரூபாய் வரும். என் சம்பளம் மட்டும் ஆண்டுக்கு 4.9 லட்சம். மனைவியின் பள்ளிச் சம்பளத்தையும் சேர்த்தபோது 6.3 லட்சம் ஆகிவிட்டது. இதை அவளிடம் சொன்னபோது, "அப்ப நான் வேலைக்குப் போனதுக்கு முப்பத்திரண்டாயிரம் அபராதமா?" என்று கேட்டாள். ஏழைக்கு அதிகம் கிடைப்பது சரிதான். அதில் எனக்கு எந்த வருத்தமும் இல்லை, இதைப் படித்துவிட்டு யாரும் சண்டைக்கு வர வேண்டாம்.

மானியத்துக்கு விண்ணப்பிக்கப் போனபோது, பழைய வீட்டை வாங்கினால் கிடையாது, புதுக் கட்டடத்துக்கு மட்டும்தான் என்று வங்கியில் திருப்பி அனுப்பினார்கள். வங்கியின் பெயரை எழுதப் போவதில்லை. அமைச்சகத்தின் இணையதளத்திலிருந்து நெறிமுறைகளை அச்செடுத்து, மறுவிற்பனை வீடும் அடங்கும் என்ற வரியைச் சிவப்பு மையால் அடிக்கோடிட்டுக் கொண்டுபோய்க் கொடுத்த பிறகுதான் விண்ணப்பத்தை வாங்கினார்கள். பிறகு மனைவியின் ஆதாரில் தகப்பனார் பெயரின் முதலெழுத்தும், பத்திரத்தில் என் பெயரின் முதலெழுத்தும் இருந்ததால் மேலும் இரண்டு மாதங்கள் போயின. கடைசியில் பணம் வந்தது, அசல் குறைந்தது, தவணையும் 19,130 ரூபாயாக இறங்கியது. மாதம் இரண்டாயிரம் ரூபாய் என்பது எங்கள் வீட்டில் பாலுக்கும் எரிவாயு உருளைக்கும் ஆகும் செலவு.

ஆனால் நான் கணக்கு எழுதிப் பிழைப்பவன். வரவை மட்டும் எழுதிவிட்டு எழுந்து போக முடியாது. அதே வீட்டைப் பதிவு செய்தபோது முத்திரைத் தீர்வை 7 விழுக்காடு, பதிவுக் கட்டணம் 4 விழுக்காடு என்று மாநில அரசுக்கு 3,30,000 ரூபாய் கட்டியிருந்தேன். அதற்குக் கடன் கிடைக்காது என்பதால் மனைவியின் நகைகள் மண்ணடியில் ஓர் அடகுக் கடைக்குப் போயின. மத்திய அரசு பத்து மாதம் கழித்துக் கொடுத்தது, மாநில அரசு முதல் நாளே வாங்கியதைவிடக் குறைவு. (2022-இல் சொத்து வரியை உயர்த்தினார்களே, 2011-இல் மாநகராட்சியோடு இணைக்கப்பட்ட எங்கள் திருவொற்றியூர் போன்ற பகுதிகளில் 600 சதுர அடிக்குள் இருந்தால் 25 விழுக்காடு உயர்வு, அதற்கு மேல் 1,200 வரை 50 விழுக்காடு. என் வீடு 620. எந்தக் கோடு போட்டாலும் அதைக் கொஞ்சம் தாண்டி நிற்பதே எங்கள் ராசி.)

இனி முக்கியமான செய்திக்கு வருகிறேன். 2019 அக்டோபர் முதல், வங்கிகள் புதிதாகக் கொடுக்கும் மாறும் வட்டி வீட்டுக்கடன்களை ரெப்போ (வங்கிகளுக்கு ரிசர்வ் வங்கி கொடுக்கும் குறுகியகாலக் கடனுக்கான வட்டி) போன்ற ஒரு வெளி அளவுகோலோடு இணைக்க வேண்டும் என்று ரிசர்வ் வங்கி ஆணையிட்டது. நானும் 2020-இல் ஒரு கட்டணம் செலுத்தி அதற்கு மாறிக்கொண்டேன். ரெப்போ 4 விழுக்காடு, அதற்கு மேல் வங்கியின் 3 விழுக்காடு. ஆக வட்டி 7. தவணையைக் குறைக்காமல் விட்டதால் கடனின் ஆயுள் மளமளவென்று குறைந்தது. 2022 ஏப்ரலில் எடுத்த அறிக்கையில் மீதி 152 மாதங்கள் என்று இருந்ததைப் பார்த்து, ஓய்வு பெறுவதற்கு முன்பே கடன் தீர்ந்துவிடும் என்று மகிழ்ந்துபோனேன்.

அடுத்த மாதமே ரெப்போ ஏறத் தொடங்கியது. 2023 பிப்ரவரிக்குள் அது 6.5 ஆகிவிட்டது; என் வட்டி 9.5. தவணை மட்டும் அதே 19,130 ரூபாய். கணக்கிலிருந்து வழக்கம்போல் அதே தொகை போய்க்கொண்டிருந்ததால் எனக்கு எதுவும் உறைக்கவில்லை. அந்த ஆண்டு அக்டோபரில், வேறு ஏதோ வேலையாக அறிக்கை எடுத்தபோது மீதி 179 மாதங்கள் என்று இருந்தது. பதினெட்டு மாதம் ஒழுங்காகக் கட்டியவனுக்கு 134 என்று காட்ட வேண்டிய இடத்தில் 179. நாற்பத்தைந்து மாதங்கள் கூடுதலாக, மாதம் 19,130 ரூபாய் என்று பெருக்கிப் பாருங்கள். எட்டரை லட்சத்தைத் தாண்டும். அதன் எதிரே என் 2,35,068 ரூபாயை வைத்துப் பார்த்தபோது கோபத்துக்குப் பதிலாக வெட்கம்தான் வந்தது, ஏனென்றால் ஊராரின் கணக்கையெல்லாம் சரிபார்ப்பவன் நான்.

விலைவாசியைக் கட்டுப்படுத்த வட்டியை உயர்த்தித்தான் ஆக வேண்டும், குறைந்தபோது அனுபவித்தாய் அல்லவா என்று ஒருவர் நிச்சயம் பின்னூட்டத்தில் எழுதுவார். அனுபவித்தேன், மறுக்கவில்லை. வட்டி ஏறியதை நான் குற்றம் சொல்லவில்லை. தவணையைக் கூட்டுவதா, ஆயுளை நீட்டுவதா என்ற முடிவை என்னைக் கேட்காமலே எடுத்துவிட்டார்கள் என்பதுதான் என் குறை. அதைக் கடன் வாங்கியவரிடம் கேட்க வேண்டும் என்று அந்த ஆண்டு ஆகஸ்ட் மாதமே ரிசர்வ் வங்கி சுற்றறிக்கை அனுப்பிவிட்டது. நான் அதைச் சொன்னபோது, "அதெல்லாம் டிசம்பர் முப்பத்தொண்ணுக்குள்ளதான் சார், இன்னும் டைம் இருக்கு" என்றார் கிளையில் இருந்தவர். கடைசி நாள் வரை வாடிக்கையாளரிடம் சொல்லக்கூடாது என்று அதில் எழுதியிருக்கிறதா என்று கேட்டேன். அவர் கணினித் திரையைப் பார்த்துக்கொண்டார். தவணையை 3,000 ரூபாய் உயர்த்தி எழுதிக்கொடுத்துவிட்டு வந்தேன். 179 மாதங்கள் அப்படியே 134-க்கு இறங்கின. மானியத்தால் குறைந்த இரண்டாயிரத்தை, மேலே ஆயிரம் சேர்த்துத் திருப்பிக் கொடுத்தேன் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் மற்ற கேள்விகளுக்குச் சுருக்கமாகப் பதில் சொல்கிறேன். 2025 நிதிநிலை அறிக்கையின் பன்னிரண்டு லட்சம் வரம்பால் எனக்குக் கிடைத்தது பூஜ்யம். என் சம்பளம் இப்போது 7.8 லட்சம், சேமநிதி, வீட்டுக்கடன் வட்டி ஆகிய கழிவுகளுக்குப் பிறகு பழைய வருமான வரி முறையிலேயே 5 லட்சத்துக்குள் வந்து வரி இல்லாமல்தான் இருந்தேன். எங்கள் அலுவலகத்தில் மேலாளர் ஒருவர் மட்டும் எல்லோருக்கும் இனிப்பு வாங்கிக்கொடுத்தார். அதே ஆண்டு செப்டம்பர் 22 முதல் தனிநபர் மருத்துவக் காப்பீட்டுக்கு இருந்த 18 விழுக்காடு ஜிஎஸ்டியை நீக்கியது உண்மையான உதவி. எங்கள் 28,000 ரூபாய் பிரீமியத்துக்கு 5,040 ரூபாய் வரி கட்டிக்கொண்டிருந்தோம். இவை எல்லாவற்றையும்விட எங்கள் வீட்டுக்கு ஓசையில்லாமல் பயன்படுவது 2021 மே முதல் சாதாரணக் கட்டணப் பேருந்தில் மகளிருக்குக் கிடைக்கும் இலவசப் பயணம். அதற்கு வருமானச் சான்று கேட்பதில்லை, முதலெழுத்து சரியாக இருக்கிறதா என்றும் பார்ப்பதில்லை. என் மனைவி நாள்தோறும் ஏறி இறங்குகிறாள்.

வீடு வாங்குவதானால், 2024-இல் தொடங்கிய பிரதமர் வீட்டு வசதித் திட்டத்தின் இரண்டாம் கட்டத்தில் குடும்ப வருமானம் 9 லட்சத்துக்குள், வீட்டின் மதிப்பு 35 லட்சத்துக்குள், கடன் 25 லட்சத்துக்குள் இருக்க வேண்டும், மானியம் அதிகபட்சம் 1.80 லட்சம், அதுவும் ஐந்து ஆண்டுத் தவணைகளில் வரும். சென்னையில் 35 லட்சத்துக்கு வீடு தேடினால் பெரும்பாலும் எங்கள் பக்கம்தான் வர வேண்டியிருக்கும், வாருங்கள். கையெழுத்திடும் முன் மானியத்தைப் பற்றிக் கேட்பதைவிட, வட்டி ஏறினால் தவணையைக் கூட்டுவீர்களா மாதத்தைக் கூட்டுவீர்களா என்று கேட்டு, பதிலை எழுத்தில் வாங்குங்கள். வங்கி அல்லாத வீட்டுக்கடன் நிறுவனம் என்றால், அது ரெப்போவோடு தன் வட்டியை இணைத்தே ஆக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை என்பதையும் நினைவில் வையுங்கள்.

2025-இல் ரெப்போ படிப்படியாக 5.25-க்கு இறங்கியது. தவணையைக் குறைத்துக்கொள்ளலாமே என்று மனைவி கேட்டாள், வேண்டாம் என்றேன். டிசம்பர் அறிக்கையில் மீதி 100 மாதங்கள். அதை அச்செடுத்துக் குளிர்சாதனப் பெட்டியின் கதவில் ஒட்டி வைத்திருக்கிறேன்.