மாரி மழைக்குப் பிறகு தேசி இலையில் சொறி: மரத்தைத் தறிக்க வேண்டுமா?

கேள்வி: நிலாவெளியில் இருக்கிறோம். வளவில் ஆறு வயதுத் தேசி மரம் ஒன்று நிற்கிறது. கார்த்திகை மழை தொடங்கியதிலிருந்து இலையெல்லாம் மஞ்சள் வளையத்தோடு மண்ணிறப் புள்ளிகள். காயிலும் சொறி. பங்கசு நாசினி இரண்டு தரம் அடித்தும் நிற்கவில்லை. பக்கத்து வீட்டு ஐயா மரத்தைத் தறிக்கச் சொல்கிறார். இன்னொருவர் அன்டிபயோட்டிக் கப்சியூலைக் கரைத்து அடிக்கச் சொல்கிறார். சாடியில் உள்ள மிளகாய்க் கன்றுகளிலும் இப்போது புள்ளி விழுகிறது. தேசியிலிருந்து தொற்றியிருக்குமா?

பதில்: தறிக்க வேண்டாம், கப்சியூலும் வேண்டாம். காரணம் சொல்வதற்கு முதல், ஒரு இலையைப் பறித்துக் கையில் எடுங்கள்.

புள்ளியை விரலால் தடவிப் பாருங்கள். பூனையின் நாக்கு போலச் சொரசொரப்பாக மேலெழும்பி, நடுவில் சிறு குழி விழுந்திருக்கும். இலையைத் திருப்பினால் அதே இடத்தில் மறுபக்கத்திலும் மேடு தெரியும். வெயிலுக்கு நேரே பிடித்தால் மேட்டைச் சுற்றி எண்ணெய் பட்டது போன்ற ஓரமும் அதற்கு வெளியே மஞ்சள் வளையமும் தெரியும். இவை எல்லாம் இருந்தால் அது சொறி நோய். சாந்தோமோனாஸ் என்ற பற்றீரியாவின் வேலை. பங்கசு நாசினிகளில் பல பற்றீரியாவை ஒன்றும் செய்வதில்லை. நீங்கள் அடித்தது ஏன் பலிக்கவில்லை என்பதற்கு இதுவே காரணமாக இருக்கும்.

இந்தப் பற்றீரியா பழைய சொறிப் புள்ளிக்குள் உயிரோடு கிடக்கும். மழைத்துளி பட்டதும் வெளியே கசிந்து, துளியோடு தெறித்து அடுத்த இலைக்குப் போகும். காற்று மணிக்கு ஏறத்தாழ 30 கிலோமீற்றர் வேகத்தைத் தாண்டினால் மழைநீர் இலையின் நுண்துளைகளுக்குள்ளேயே தள்ளப்படும். திருகோணமலைக் கரையோரத்தில் ஒக்டோபரிலிருந்து ஜனவரி வரை வாடையும் மழையும் சேர்ந்து அடிப்பதை நான் சொல்லத் தேவையில்லை. அமெரிக்காவின் புளோரிடாவில் இந்த நோயை ஒழிக்க மரம் மரமாகத் தறித்தார்கள். 2004, 2005 சூறாவளிகள் கிருமியை ஊரெல்லாம் பரப்பிவிட்டதால் 2006இல் அந்தத் திட்டத்தையே கைவிட்டார்கள். அதனால்தான் ஒரு வளவு மரத்தைத் தறிப்பதில் எனக்கு நம்பிக்கை இல்லை. காயின் தோலில்தான் அழுக்கு, உள்ளே சாறு நல்லதாகவே இருக்கும், தாராளமாகப் பிழிந்து குடிக்கலாம். இந்தக் கிருமி மனிதருக்கு ஒன்றும் செய்யாது.

ஒன்றை மட்டும் மனதில் வையுங்கள். புள்ளி விழுந்த இலை எந்த மருந்துக்கும் திரும்பப் பச்சையாகாது. நாம் காப்பாற்றப் போவது இனி வரும் துளிரை.

இப்போது மழைக்காலத்தில் மரத்தைப் பெரிதாக வெட்டாதீர்கள். ஈர மரத்தில் கை வைத்தால் நீங்களே கிருமியைக் கொண்டு திரிவீர்கள். வெயில் ஏறி இலை காய்ந்த பிறகு, மோசமான இலைகளையும் நிலத்தில் விழுந்தவற்றையும் பொறுக்கி எரித்துவிடுங்கள். சரியான வெட்டு கச்சான் வீசும் ஆடி, ஆவணியில். சொறி பிடித்த கிளையைப் புள்ளிக்குக் கீழே ஒரு சாண் தள்ளி வெட்டுங்கள். ஒவ்வொரு வெட்டுக்கும் பிறகு பாமசியில் விற்கும் சேர்ஜிக்கல் ஸ்பிரிட்டால் கத்தரிக்கோலைத் துடைக்க வேண்டும். அலுப்பான வேலைதான், ஆனால் தவறவிடாதீர்கள்.

மருந்து என்றால் செப்பு. கடையில் கொப்பர் ஒக்சிகுளோரைட் கிடைத்தால் லேபலில் உள்ள அளவே போதும். இல்லையென்றால் போர்டோ கலவையை வீட்டிலேயே செய்யலாம். உங்கள் ஒரு மரத்துக்கு 5 லீற்றர் போதும். 50 கிராம் மயில்துத்தத்தை (செப்பு சல்பேற்று) ஒரு பிளாஸ்டிக் வாளியில் இரண்டரை லீற்றர் தண்ணீரில் கரையுங்கள். 50 கிராம் நீற்றுச் சுண்ணாம்புத் தூளை இன்னொரு வாளியில் அதே அளவு தண்ணீரில் கரையுங்கள். டொலமைட் இதற்கு உதவாது. சுண்ணாம்புப் பாலைக் கலக்கிக்கொண்டே துத்தக் கரைசலை மெதுவாக ஊற்றினால் வான நீலத்தில் திரளும். சுத்தமான இரும்பு ஆணி ஒன்றை ஒரு நிமிடம் அதில் அமிழ்த்திப் பாருங்கள். ஆணியில் செம்பு நிறம் படிந்தால் இலை கருகிவிடும், இன்னும் கொஞ்சம் சுண்ணாம்பு சேருங்கள். ஆணி அப்படியே இருந்தால் வடிகட்டி அன்றைக்கே அடித்து முடித்துவிடுங்கள், அடுத்த நாளுக்கு வைக்கக்கூடாது. மிக இளம் துளிர் என்றால் பாதிச் செறிவு போதும்.

முதல் விசிறல் மாரி தொடங்கும் முன், புரட்டாதியில். பிறகு மழைக்காலத்தில் துளிர் விடும்போதெல்லாம் இரண்டு மூன்று கிழமைக்கு ஒரு தரம், காலையில், இலை காய நேரம் இருக்கும் நாளாகப் பார்த்து. செப்பு மண்ணில் தங்கும், மீனுக்கும் ஆகாது, எனவே மிச்சத்தைக் கிணற்றடியிலோ வாய்க்காலிலோ ஊற்றாதீர்கள். அடித்த மரத்துக் காயைக் கழுவித்தான் எடுக்க வேண்டும்.

இளந்துளிரில் வெள்ளிக் கோடு போல நெளிநெளியாகப் பாதை தெரிகிறதா? அது இலையைக் குடையும் புழு. அது கீறிய இடம் கிருமிக்குத் திறந்த வாசல். ஒரு லீற்றர் தண்ணீருக்கு 5 மில்லிலீற்றர் வேப்பெண்ணெயும் சில துளி சவர்க்காரக் கரைசலும் சேர்த்துத் துளிருக்கு அடியுங்கள். செப்புக் கலவையோடு சேர்த்து அல்ல, வேறு நாளில். யூரியாவையும் குறையுங்கள், அது துளிரைப் பொங்க வைத்துக் கிருமிக்கும் புழுவுக்கும் விருந்து வைக்கும்.

மருந்தைவிட நான் பெரிதாக மதிப்பது வாடைக் காற்றைத் தடுப்பதை. கடல் பக்கம், வடகிழக்கு மூலையில், மாரிக்கு முன் மரத்தின் உயரத்துக்குக் கிடுகு வேலி ஒன்று கட்டுங்கள். காற்று உடைந்து வந்தால் தெறிப்பும் கீறலும் குறையும்.

அன்டிபயோட்டிக் கப்சியூல் விஷயத்தில் தயவுசெய்து யார் சொன்னாலும் கேட்காதீர்கள். எவ்வளவு கரைப்பது என்பதற்குக் கணக்கே இல்லை. அரைகுறை அளவு பட்ட பற்றீரியாக்களில் தாக்குப்பிடிப்பவை பெருகும். நாளைக்கு உங்கள் பிள்ளைக்குக் காய்ச்சல் வரும்போது வேலை செய்ய வேண்டிய மருந்து அது.

சரி, மிளகாய். அது தேசியிலிருந்து வந்ததல்ல. அதே சாந்தோமோனாஸ் கூட்டத்தின் வேறொரு வகையாக இருக்கலாம், அது பெரும்பாலும் விதையோடு வருவது. பூவாளியால் தலையில் ஊற்றாமல் அடியில் தண்ணீர் விடுங்கள், சாடிகளை ஒன்றோடொன்று முட்டாமல் தள்ளி வையுங்கள். மோசமான கன்றைப் பிடுங்கி எரியுங்கள், அந்தச் சாடியில் அடுத்த தரம் மிளகாயோ தக்காளியோ வேண்டாம், வெண்டி அல்லது பயற்றை போடுங்கள். இந்தக் கன்றுகளில் விதை எடுக்காதீர்கள். வேறு இடத்து விதையையும் 50 பாகை செல்சியஸ் வெந்நீரில் 25 நிமிடம் ஊறவைத்து, குளிர்ந்த நீரில் கழுவி உலர்த்திப் போடுங்கள். சூடு கூடினால் விதை முளைக்காது, அதனால் வெப்பமானி இல்லாமல் இதைச் செய்ய வேண்டாம்.

கையிலுள்ள இலை நான் சொன்னது போல இல்லையென்றால், அதை ஒரு பொலித்தீன் பையில் போட்டு உங்கள் கமநல சேவை நிலையத்து விவசாயப் போதனாசிரியரிடம் காட்டுங்கள். விவசாயத் திணைக்களத்தின் 1920 இலக்கத்துக்கும் அழைத்துக் கேட்கலாம்.