தொலைவிலுள்ள ரூட்டரின் ஐபி முகவரியை மாற்றுதல்: கேள்வி பதில்

கேள்வி: கிளை அலுவலகத்திலுள்ள சிஸ்கோ ரூட்டருக்கு இணையச் சேவை நிறுவனம் புதிய ஐபி முகவரி கொடுத்திருக்கிறது. நான் ரூட்டருக்குள் நுழைவதும் அதே இணைப்பின் வழியாகத்தான். மாற்றும்போதே தொடர்பு அறுந்துபோகுமே, என்ன செய்வது?

பதில்: தொடர்பு கட்டாயம் அறுந்துபோகும். சிஸ்கோவில் என்டர் விசையை அழுத்தியதுமே கட்டளை நடைமுறைக்கு வந்துவிடும். தொலைவிலிருந்து நுழையப் பயன்படும் உங்கள் எஸ்எஸ்ஹெச் தொடர்போ பழைய முகவரியோடு பிணைந்திருக்கிறது. முகவரி மாறிய பின்னும் டீஃபால்ட் ரூட் (வெளியே போகும் பொது வழி) பழைய கேட்வேயையே (வெளியுலகுக்கான வாயிலையே) காட்டிக்கொண்டு நிற்கும் அரைகுறை நிலைக்குத்தான் அஞ்ச வேண்டும், ஏனெனில் மீதிக் கட்டளைகளை அடிக்க உங்களிடம் திரை இருக்காது. எனவே வேண்டிய வரிகள் எல்லாவற்றையும் ஒரு கோப்பில் எழுதி, ஃப்ளாஷ் நினைவகத்தில் வைத்து, அங்கிருந்து ரன்னிங் கான்ஃபிகுக்கு (இப்போது இயங்கும் அமைப்புக்கு) காப்பி செய்யுங்கள். இந்தக் காப்பி இருக்கும் அமைப்போடு சேர்க்குமே தவிர, அதை அழித்துவிட்டு எழுதாது. ஆகவே பழைய ரூட்டை நீக்கும் ‘நோ’ வரியும் கோப்பில் இருக்க வேண்டும்.

காப்பி செய்வதற்கு முன், இப்போதைய அமைப்பை ‘ரைட் மெமரி’ கொடுத்துச் சேமித்துவிட்டு, ‘ரீலோட் இன் 10’ கொடுங்கள். 10 நிமிடத்துக்குள் நீங்கள் ரத்து செய்யாவிட்டால், ரூட்டர் தானே அணைந்து எழுந்து, சேமிக்கப்பட்ட பழைய முகவரிக்குத் திரும்பிவிடும். புதிய முகவரியில் நுழைந்து, வெளியே பிங் (மறுமுனை பதிலளிக்கிறதா என்னும் சோதனை) போகிறதா என்று பார்த்த பிறகு ‘ரீலோட் கேன்சல்’. அதற்கும் பிறகுதான் ‘ரைட் மெமரி’. இந்த வரிசை மாறக் கூடாது. மாற்றம் செய்துவிட்ட நிலையில் ரீலோட் கட்டளை கொடுத்தால், அமைப்பைச் சேமிக்கட்டுமா என்று ரூட்டர் கேட்கும். கைப்பழக்கத்தில் ‘யெஸ்’ என்று அடித்தால், திரும்பிப் போக வேண்டிய பழைய அமைப்பே அழிந்துவிடும்.

இத்தனையும் பலிக்க, பழைய முகவரி சேவை நிறுவனத்தின் பக்கத்திலும் உயிரோடு இருக்க வேண்டும். இரண்டையும் ஒரு நாளாவது சேர்ந்து இயங்க விடும்படி முன்கூட்டியே எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

கேள்வி: மறுதொடக்கம் ஆனால் கிளை முழுவதும் சில நிமிடங்கள் நின்றுபோகும். வேறு வழி உண்டா?

பதில்: உண்டு. சிஸ்கோவிலேயே ஆர்க்கைவ் வசதியை (அமைப்பின் நகல்களைச் சேமித்து வைப்பதை) முன்பே அமைத்திருந்தால், ‘கான்ஃபிகர் டெர்மினல் ரிவெர்ட் டைமர் 5’ என்று தொடங்கலாம்; 5 நிமிடத்துக்குள் ‘கான்ஃபிகர் கன்ஃபர்ம்’ வராவிட்டால் மறுதொடக்கம் இல்லாமலேயே பழைய அமைப்பு திரும்பும். ஜூனிப்பர் நிறுவன ரூட்டர்களில் ‘கமிட் கன்ஃபர்ம்டு’ இதே வேலையைச் செய்கிறது. நேரம் குறிப்பிடாவிட்டால் 10 நிமிடம். அங்கே மாற்றங்கள் தனி வரைவாகச் சேர்ந்திருந்து ஒரே சமயத்தில் நடைமுறைக்கு வருவதால் அரைகுறை நிலை என்பதே எழாது. தொலைவேலைக்கு இதைவிட நல்ல ஏற்பாட்டை நான் பார்த்ததில்லை.

கேள்வி: மைக்ரோடிக் ரூட்டரில் சேஃப் மோடில் வைத்துத்தான் மாற்றினேன். ஆனாலும் சற்று நேரத்தில் பழைய முகவரியே வந்துவிட்டது. ஏன்?

பதில்: சேஃப் மோடு சொன்னபடியே நடந்துகொண்டது. கன்ட்ரோல் எக்ஸ் அழுத்தி அதில் நுழைந்த பிறகு தொடர்பு முறையின்றி அறுந்தால், அதுவரை செய்த மாற்றங்களை எல்லாம் ரூட்டர் திரும்பப் பெறும்; இதற்கு 9 நிமிடம் வரை ஆகலாம். நீங்கள் நுழைந்த முகவரியையே மாற்றும்போது, மாற்றம் சரியாக நடந்தாலும் தொடர்பு அறும், ரூட்டரோ அதைத் தவறாகவே கொள்ளும். ஆகவே பழையதைத் தொடாமல் புதிய முகவரியை அதே இன்டர்ஃபேஸில் (இணைப்பு முனையில்) கூடுதலாகச் சேருங்கள். புதியதன் வழியாக நுழைந்த பிறகு, அந்தத் தொடர்பிலிருந்து சேஃப் மோடில் பழையதை நீக்குங்கள். சேஃப் மோடு நினைவில் வைத்திருப்பது 100 செயல்கள் வரைதான். அதைத் தாண்டினால் பாதுகாப்பு விலகிவிடும் என்பதால் சிறு சிறு படிகளாகச் செய்யுங்கள்.

கேள்வி: கிளையின் உள் வலையமைப்பும் தலைமை அலுவலகமும் ஒரே 192.168.1.0 முகவரித் தொகுதியில் இருப்பதால் விபிஎன் (இரண்டையும் இணையம் வழியே இணைக்கும் தனிப் பாதை) மோதுகிறது. கிளையின் தொகுதியை மாற்றும்போது கணினிகள் என்ன ஆகும்?

பதில்: டிஹெச்சிபி லீஸ் காலத்தை (கணினிகளுக்குத் தானாகக் கொடுக்கப்படும் முகவரி செல்லுபடியாகும் காலத்தை) முந்தின நாளே குறைத்துவிடுங்கள். கணினிகள் லீஸ் காலத்தில் பாதி கழிந்ததும் புதுப்பிக்கக் கேட்கும். 24 மணி நேர லீஸ் என்றால் 12 மணி நேரம் வரை பழைய முகவரியையும் பழைய கேட்வேயையும் பிடித்துக்கொண்டிருக்கும். 10 நிமிட லீஸ் எல்லாவற்றுக்கும் போய்ச் சேர்ந்த பிறகு தொகுதியை மாற்றினால், அவை விரைவில் தாமே மாறிக்கொள்ளும்.

தொல்லை தருபவை கையால் முகவரி இடப்பட்ட பிரின்டர், கேமரா, வருகைப் பதிவுக் கருவி போன்றவை. ரூட்டரின் ஏஆர்பி அட்டவணையில் (ரூட்டர் அண்மையில் கண்ட கருவிகளின் முகவரிப் பட்டியலில்) இருந்து லீஸ் பட்டியலில் இல்லாதவற்றைத் தனியே குறித்தால், அவற்றில் பெரும்பாலானவை அகப்பட்டுவிடும். ஒவ்வொன்றாக மாற்றி முடிக்கும் வரை பழைய முகவரி ‘செகண்டரி’யாக அதே இன்டர்ஃபேஸில் இருக்கட்டும்.

கேள்வி: இவ்வளவு ஏற்பாடு இருக்கும்போது தனி கன்சோல் வழியும் (அந்த வலையமைப்பைச் சாராமல் ரூட்டருக்குள் நேரே நுழையும் வழியும்) தேவையா?

பதில்: தேவை. 2021 அக்டோபர் 4 அன்று ஃபேஸ்புக்கில், பராமரிப்பின்போது கொடுத்த ஒரு கட்டளை முதுகெலும்பு வலையமைப்பையே துண்டித்தது. தவறான கட்டளையைத் தடுக்க வேண்டிய சோதனைக் கருவியிலேயே பிழை இருந்தது, மாற்று வலையமைப்பும் கைகொடுக்கவில்லை. பொறியாளர்களைத் தரவு மையங்களுக்கு நேரில் அனுப்பித்தான் சரிசெய்தார்கள். கனடாவின் ரோஜர்ஸ் நிறுவனம் 2022 ஜூலை 8 அன்று முடங்கியபோதும், நிர்வாக வலையமைப்பு அதே மைய வலையமைப்பை நம்பியிருந்ததால் ஊழியர்களால் ரூட்டர்களை எட்ட முடியவில்லை.

வேறொரு நிறுவனத்தின் சிம் போட்ட 4ஜி மோடத்தைக் கன்சோல் போர்ட்டோடு இணைத்து, வேலைக்கு முந்தின நாள் அதன் வழியாக ஒருமுறை நுழைந்து பாருங்கள். அதற்கு வசதியில்லை என்றால், கன்சோல் கேபிளும் மடிக்கணினியுமாக ஒருவரை அங்கே இருக்கச் சொல்லி, அவருடைய கைபேசி எண்ணை வாங்கி வையுங்கள். கிளையின் மேசைத் தொலைபேசி அதே ரூட்டர் வழியாகப் போகும் ஐபி தொலைபேசியாக இருந்தால், தேவைப்படும் நேரத்தில் அதுவும் செத்திருக்கும்.