சார்ஜ் போட்டால் லேப்டாப் ஷாக் அடிக்கிறதா? முதலில் எர்த்தைப் பாருங்கள்

கேள்வி: மகன் காலேஜ் சேர்ந்தபோது, மூன்று மாதம் முன்பு, புது லேப்டாப் வாங்கினோம். மேல்மூடியும் கீபோர்டு பக்கமும் அலுமினியம். சார்ஜ் போட்டுக்கொண்டு தொட்டால் மணிக்கட்டில் சுர்ரென்று இழுக்கிறது. செருப்பு போட்டிருந்தால் அவ்வளவாகத் தெரிவதில்லை. டெஸ்டரை வைத்தால் உள்ளே இருக்கும் விளக்கு எரிகிறது. சர்வீஸ் சென்டரில் "மெட்டல் பாடின்னா அப்படித்தான் மேடம், நார்மல்" என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். கடைக்காரரும் மாற்றித் தர மறுக்கிறார். இது உயிருக்கு ஆபத்தா?
— வாசகி, தாம்பரம்

பதில்: சர்வீஸ் சென்டர் சொன்னது பாதி உண்மை. மீதிப் பாதியைச் சோதித்துப் பார்க்காமலே அனுப்பியதுதான் தவறு.

முதலில், சார்ஜரைக் கழற்றிவிட்டு பேட்டரியில் மட்டும் ஓட்டிப் பாருங்கள். சுர்ரென்பது அடியோடு நின்றுவிட்டால், வருவது சார்ஜர் வழியாக வரும் கரண்ட் என்று உறுதி. கிட்டத்தட்ட எல்லா வீடுகளிலும் இப்படித்தான் இருக்கும்.

எங்கிருந்து வருகிறது? சார்ஜருக்குள் 230 வோல்ட் பக்கம் தனி, லேப்டாப்புக்குப் போகும் 19 அல்லது 20 வோல்ட் பக்கம் தனி. இரண்டுக்கும் நடுவே ஒரு சின்னக் கெபாசிட்டரை வைத்திருப்பார்கள். சார்ஜர் கிளப்பும் இரைச்சல் ரேடியோ, டிவியைக் கெடுக்காமல் இருக்க அது தேவை. இந்த வேலைக்கென்றே செய்யப்படும் இதற்கு ஒய் வகைக் கெபாசிட்டர் என்று பெயர். அதன் வழியே துளி கரண்ட் எப்போதும் கசியும். 2.2 நானோ ஃபாரட் அளவுள்ள ஒன்றை 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸில் வைத்துக் கணக்குப் போட்டால் சுமார் 0.16 மில்லி ஆம்பியர் வருகிறது. இரண்டு பின் சார்ஜருக்குப் பாதுகாப்புத் தரம் அனுமதிக்கும் உச்சம் 0.25 மில்லி ஆம்பியர். பிடித்த கையை விட முடியாமல் தசை இறுகிப்போவது 10 மில்லி ஆம்பியர் வாக்கில்தான். ஆக, சரியாகச் செய்த சார்ஜரில் வரும் சுர் எரிச்சலூட்டுமே தவிர, உயிரை வாங்காது.

இவ்வளவு குறைந்த கரண்ட் எப்படி உறைக்கிறது என்று கேட்கலாம். உள்ளங்கை முழுவதையும் அழுத்தி வைத்தால் பெரும்பாலும் ஒன்றும் தெரியாது. விளிம்பில் மணிக்கட்டின் மெல்லிய தோல் ஓர் ஓரமாகப் பட்டாலோ, விரல் நுனியால் லேசாக வருடினாலோதான் நறநறவென்று அதிரும். வியர்த்த கை, வெறுங்கால், மொசைக் தரை மூன்றும் சேர்ந்தால் இன்னும் கூடும். செருப்பு போட்டால் குறைகிறது என்று நீங்கள் எழுதியது இதனால்தான். டெஸ்டர் எரிவதை வைத்தும் பயப்பட வேண்டாம். நியான் டெஸ்டருக்கு மிகமிகச் சிறிய கரண்டே போதும். வோல்டேஜ் இருக்கிறது என்று அது சொல்லும், எவ்வளவு கரண்ட் பாயும் என்று சொல்லாது. மல்டிமீட்டரில் பார்த்தால் நூறு வோல்ட்டை ஒட்டிக்கூடக் காட்டலாம். அதற்கும் இதே விளக்கம்தான்.

இப்போது மீதிப் பாதி. உங்கள் சார்ஜரின் பிளக்கைப் பாருங்கள். மூன்று பின் இருந்தால் மேலே உள்ள நீளமான, தடித்த பின்தான் எர்த். இந்த வகைச் சார்ஜரில் கசியும் கரண்ட் எர்த் வழியாக மண்ணுக்குப் போய்விட வேண்டும். உங்கள் கைக்கு வரவே கூடாது. மூன்று பின் சார்ஜரைப் போட்டும் ஷாக் அடித்தால், அந்த சாக்கெட்டில் எர்த் வேலை செய்யவில்லை என்பதே முதல் சந்தேகம். எர்த் இருக்கும் என்று நம்பியே இந்தச் சார்ஜர்களில் கூடுதல் கசிவை அனுமதிக்கிறார்கள். அதனால் எர்த் இல்லாத இடத்தில் மூன்று பின் சார்ஜர், இரண்டு பின் சார்ஜரைவிட ஓங்கி அடிக்கலாம்.

பழைய வீடுகளில் ஃபிரிட்ஜ், மோட்டார், ஹீட்டர் போடும் 16 ஆம்பியர் பாயின்ட்டுக்கு மட்டும் எர்த் கம்பி இழுத்திருப்பார்கள். சுவிட்ச் போர்டில் உள்ள 6 ஆம்பியர் சாக்கெட்டில் மூன்று ஓட்டை இருக்கும், மேல் ஓட்டைக்குப் பின்னால் கம்பியே இருக்காது. ஆகவே எந்தக் கருவியும் இல்லாமல் ஒரு சோதனை செய்யலாம். உங்கள் ஃபிரிட்ஜ் சாக்கெட் சிறிய பிளக்கையும் ஏற்கும் வகையாக இருந்தால், சார்ஜரை நேராக அதில் செருகிப் பாருங்கள். நடுவில் ஜங்ஷன் பாக்ஸ், மல்டி பிளக் எதுவும் வேண்டாம். அங்கே ஷாக் இல்லையென்றால் லேப்டாப்பில் குறையில்லை, உங்கள் அறை சாக்கெட்டில்தான் குறை. மூன்று விளக்கு உள்ள சாக்கெட் டெஸ்டர் என்று சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது. செருகினால், எர்த் கம்பி விட்டுப்போயிருக்கிறதா என்று விளக்கு எரியும் விதத்தில் தெரிந்துவிடும். வீட்டுக்கு ஒன்று வாங்கி வையுங்கள் என்று நான் எல்லோரிடமும் சொல்வது வழக்கம்.

இன்னொரு இடமும் உண்டு. மூன்று பின்னை இரண்டு பின்னாக மாற்றும் கன்வர்ட்டர், எல்லா நாட்டுப் பிளக்கும் நுழையும் தொளதொள சாக்கெட் உள்ள மலிவு எக்ஸ்டென்ஷன் பாக்ஸ். முதலாவதில் எர்த்தே கிடையாது, இரண்டாவதில் எர்த் பின் சரியாகக் கவ்வாது. சுவரில் நல்ல எர்த் இருந்தும் லேப்டாப்புக்கு வந்து சேராததற்கு இவைதான் பெரும்பாலும் காரணம்.

உங்கள் சார்ஜர் இரண்டு பின்தான் என்றால் எர்த் பேச்சுக்கே இடமில்லை. அதன் முதுகில் சதுரத்துக்குள் சதுரம் போட்ட குறி இருக்கும். இரட்டைக் காப்பு உள்ளது, எர்த் தேவையில்லை என்று அர்த்தம். அந்த சுர் முழுதாகப் போகாது. சில கம்பெனிகளின் சார்ஜர்களுக்கு எர்த்தோடு கூடிய மூன்று பின் கேபிள் தனியாகக் கிடைக்கும். ஆப்பிள் சார்ஜரில் பிளக் பகுதியைக் கழற்றினால் உள்ளே ஓர் உலோகக் குமிழ் தெரியும், அதுதான் எர்த்தைத் தொடும் இடம். சின்ன இரண்டு பின் தலைக்குப் பதிலாக எர்த் உள்ள நீளக் கேபிளை மாட்டினால் பலருக்குப் பிரச்சினை அதோடு தீர்கிறது.

கவனியுங்கள், இதுவரை சொன்னது லேசான அதிர்வுக்கு மட்டும். கை துள்ளிப் பின்வாங்கும்படி அடித்தாலோ, தொடும்போது பொறி பறந்தாலோ, சார்ஜர் உப்பினாலோ, கருகல் வாடை வந்தாலோ, கேபிள் கிழிந்து உள்கம்பி தெரிந்தாலோ அது நார்மலே கிடையாது. யார் சொன்னாலும் கேட்காதீர்கள். லேப்டாப்பையும் சார்ஜர் கேபிளையும் தொடாமல் முதலில் சுவிட்சை அணைத்து, பிறகு பிளக்கைப் பிடுங்குங்கள். அந்தச் சார்ஜரை மறுபடி போடவே கூடாது.

கேள்வி: வாடகை வீட்டில் இருக்கிறேன். எந்த சாக்கெட்டிலும் எர்த் இல்லை என்று தெரிந்துவிட்டது. வீட்டுக்காரர் செலவு செய்யத் தயாரில்லை. எலக்ட்ரீஷியன், "சாக்கெட்டுக்குள்ளேயே நியூட்ரலையும் எர்த்தையும் ஒரு துண்டு வயரில் சேர்த்துவிடுகிறேன், ஷாக் போய்விடும், ஐந்து நிமிட வேலை" என்கிறார். செய்யலாமா?
— வாசகர், திருச்சி

பதில்: கூடவே கூடாது. இந்தக் கேள்விக்காகவே இந்த வாரப் பகுதியை எழுதலாம்.

அவர் சொல்வதுபோலச் செய்தால் ஷாக் நிற்கும், அது உண்மை. ஆபத்து அப்புறம் வருகிறது. எங்கோ ஓர் இடத்தில், மீட்டர் பெட்டியிலோ தெருக் கம்பத்திலோ, நியூட்ரல் கம்பி (கரண்ட் திரும்பிப் போகும் கம்பி) விட்டுப்போனால், வீட்டில் ஓடிக்கொண்டிருக்கும் ஃபேன், பல்பு வழியாக வரும் 230 வோல்ட்டும் அந்தத் துண்டு வயர் வழியாக எர்த் பின்னுக்கு ஏறும். எர்த் பின்னில் இணைந்திருக்கும் லேப்டாப், ஃபிரிட்ஜ், வாஷிங் மெஷின் எல்லாவற்றின் உலோக உடம்பும் உயிர்க் கம்பியாகிவிடும். சாக்கெட்டில் ஃபேஸும் (கரண்ட் வரும் கம்பி) நியூட்ரலும் இடம் மாறினாலும் இதே கதி. நடுவில் கெபாசிட்டர் எதுவும் இல்லாத நேரடி மின்சாரம் அது. சுர்ரென்று நின்றுவிடாது, ஆளையே கொன்றுவிடும். அந்த எலக்ட்ரீஷியன் வேறு வீடுகளிலும் இதைச் செய்திருந்தால் அங்கேயும் போய்ப் பிரித்துவிடச் சொல்லுங்கள்.

சரியான வழி, வீட்டுக்கு வெளியே முறையான எர்த் குழி போட்டு, மெயின் போர்டு வரை கம்பி இழுத்து, அங்கிருந்து ஒவ்வொரு சாக்கெட்டுக்கும் பச்சை வயர் கொண்டுபோவது. பல அப்பார்ட்மென்ட்டுகளில் கீழே மீட்டர் போர்டு வரை நல்ல எர்த் இருக்கும், மேலே வீட்டுக்குள் வரும் கம்பிதான் எங்கோ விட்டுப்போயிருக்கும். அப்படியானால் செலவு குறைவு. வீட்டுக்காரரிடம் லேப்டாப் கதையைச் சொல்ல வேண்டாம். ஹீட்டர், வாஷிங் மெஷினில் ஷாக் அடித்து யாருக்காவது ஏதாவது ஆனால் பொறுப்பு யாருடையது என்று எழுத்தில் கேளுங்கள். வாட்ஸ்அப்பில் அனுப்பினாலும் போதும்.

அதுவரை மெயின் போர்டில் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி (கரண்ட் கசிந்தால் தானாக விழும் பாதுகாப்பு சுவிட்ச்) இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் உங்கள் செலவிலாவது மாட்டுங்கள். ஃபேஸில் போன கரண்ட் நியூட்ரலில் முழுதாகத் திரும்பவில்லை என்றால் அது நொடியில் ஒரு சிறு பங்குக்குள் மின்சாரத்தைத் துண்டித்துவிடும். எர்த் இல்லாத வீட்டிலும், உங்கள் உடம்பு வழியாகக் கரண்ட் மண்ணுக்குப் பாய்ந்தால் அது விழும். அதில் டி என்று போட்ட பட்டன் இருக்கும், மாதம் ஒரு முறை அழுத்தி விழுகிறதா என்று பாருங்கள். லேப்டாப்பின் சுர்ருக்கு அது விழாது, அந்தக் கசிவு 30 மில்லி ஆம்பியரில் ஒரு சிறு பங்குதான். விழவில்லையே என்று அதைச் சந்தேகப்பட வேண்டாம்.

கேள்வி: சார்ஜர் போய்விட்டது. ஒரிஜினல் விலை மூவாயிரத்துக்கு மேல். கடையில் "அதே பின், அதே வோல்ட், 700 ரூபாய்" என்று ஒன்றைத் தருகிறார்கள். வாங்கலாமா?
— வாசகர், கோவை

பதில்: கம்பெனி சார்ஜர்தான் வாங்க வேண்டும் என்று கட்டாயமில்லை. ஆனால் பிஐஎஸ் (இந்தியத் தர நிர்ணய அமைவனம்) பதிவு இல்லாததை வாங்காதீர்கள். லேப்டாப்புக்கும் அதன் அடாப்டருக்கும் இந்தியாவில் பதிவு கட்டாயம். 2012-ல் வந்த உத்தரவில் தொடங்கிய ஏற்பாடு அது. சார்ஜரின் மேல் பிஐஎஸ் முத்திரையும், ஐஎஸ் 13252 போன்ற தர எண்ணும், ஆர் என்று தொடங்கி எட்டு இலக்கம் உள்ள பதிவு எண்ணும் இருக்க வேண்டும். முத்திரையை யாரும் அச்சடித்துவிடலாம். கடையிலேயே நின்று பிஐஎஸ் கேர் ஆப்பில் அந்த எண்ணைப் போட்டுப் பாருங்கள். எந்தக் கம்பெனி, என்ன பொருள் என்று காட்டும். கையில் இருப்பது லேப்டாப் அடாப்டர், ஆப்பில் வருவது பவர் பேங்க் என்றால் வைத்துவிட்டு வந்துவிடுங்கள்.

இதில் கறாராக இருக்கச் சொல்வதற்குக் காரணம் மேலே சொன்ன அந்தக் கெபாசிட்டர். ஒய் வகை என்பது பழுதானாலும் ஷார்ட் ஆகாதபடி செய்யப்படுவது. போலிச் சார்ஜரில் அதற்குப் பதில் சாதாரணக் கெபாசிட்டரை வைத்துவிடுவார்கள். அது ஷார்ட் ஆனால் 230 வோல்ட் நேராக லேப்டாப் உடம்புக்கு வரும். வெளியில் பார்த்தால் இரண்டுக்கும் வித்தியாசம் தெரியாது. எடை குறைவாக இருப்பது, எழுத்துப்பிழையோடு லேபிள் இருப்பது, பில் தர மறுப்பது, இதில் ஒன்று இருந்தாலும் வேண்டாம்.

கேள்வி: துபாயிலிருந்து அண்ணன் கொண்டுவந்த லேப்டாப். சதுரப் பின்கள் மூன்று உள்ள பிளக். கன்வர்ட்டர் போட்டுத்தான் செருகுகிறேன், ஷாக் அடிக்கிறது.
— வாசகர், ராமநாதபுரம்

பதில்: மேல் பின் பிளாஸ்டிக்கா, உலோகமா என்று பாருங்கள். பிளாஸ்டிக் என்றால் அது சாக்கெட்டின் மூடியைத் திறக்க மட்டும்தான், எர்த் கிடையாது. உலோகம் என்றால் பெரும்பாலும் கன்வர்ட்டர்தான் எர்த்தை வெட்டிவிடுகிறது. பிளக்கிலிருந்து சார்ஜர் வரை போகும் கேபிளைக் கழற்ற முடிந்தால், அதே முனையுள்ள நம் ஊர் மூன்று பின் கேபிளை வாங்கி மாட்டுங்கள். சார்ஜரை மாற்றத் தேவையில்லை.

கேள்வி: நல்ல எர்த் உள்ள அலுவலகத்திலும் போட்டுப் பார்த்துவிட்டேன், மூன்று பின் சார்ஜர், ஷாக் அடிக்கிறது. வாரண்டி இருக்கிறது. சர்வீஸ் சென்டர் ஜாப் ஷீட்டில் "குறை எதுவும் இல்லை" என்று எழுதித் தருகிறது. அடுத்து என்ன?
— வாசகி, சேலம்

பதில்: நீங்கள் வழக்குப் போட இடம் உண்டு. எர்த்தைச் சோதித்துவிட்டதால் கம்பெனி வீட்டு வயரிங் மேல் பழி போட முடியாது. அலுவலக எலக்ட்ரீஷியனிடம் அந்த சாக்கெட்டின் எர்த் சரியாக இருக்கிறது என்று இரண்டு வரி எழுதி வாங்குங்கள். மறுபடி சர்வீஸ் சென்டருக்குப் போகும்போது, "சார்ஜ் போடும்போது லேப்டாப் உடம்பில் கரண்ட் கசிகிறது" என்ற வார்த்தைகளையே புகாராக எழுதச் சொல்லுங்கள். "சார்ஜிங் பிரச்சினை" என்று அவர்கள் பொதுவாக எழுதினால் ஒப்புக்கொள்ளாதீர்கள். சார்ஜரை மட்டும் முதலில் மாற்றித் தரச் சொல்லுங்கள், பெரும்பாலும் அதிலேயே முடிந்துவிடும்.

முடியவில்லையென்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. தமிழிலும் பேசலாம். வழக்குப் போடாமலே கம்பெனியிடம் பேசித் தீர்க்கப் பார்ப்பார்கள். அதற்கும் மசியாவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். 2019 சட்டப்படி நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம், பொருளை எங்கே வாங்கியிருந்தாலும் சரி. 5 லட்சம் வரையிலான பொருளுக்குக் கட்டணம் இல்லை, வக்கீலும் கட்டாயமில்லை, இ-ஜாக்ருதி இணையதளத்தில் தாக்கல் செய்யலாம். "நார்மல்" என்ற ஒற்றைச் சொல்லுக்கு எதிராக உங்களுக்கு உள்ள நல்ல ஆயுதம், பொருளை ஆய்வகச் சோதனைக்கு அனுப்பும் அதிகாரம் ஆணையத்துக்கு உண்டு என்பது. மனுவிலேயே அதைக் கேளுங்கள். சோதனைக் கட்டணத்தை நீங்கள் முதலில் கட்ட வேண்டியிருக்கும்.

வழக்குக்கான காரணம் எழுந்த நாளிலிருந்து இரண்டு வருடம் அவகாசம் இருக்கிறது. ஆனால் வாரண்டி முடிவதற்குள் சரியான வார்த்தைகளில் ஒரு ஜாப் ஷீட் உங்கள் கையில் வந்துவிட வேண்டும்.