பெக்டின் கிடைக்காத ஊரில் மிளகாய் ஜெல்லி செய்து போத்தலில் அடைக்க முடியுமா?

வெளிநாட்டில் ருசி பார்த்த 'பெப்பர் ஜெல்லி'யை இங்கே வீட்டில் செய்ய முடியுமா, பிரிட்ஜ் இல்லாமல் மாதக்கணக்கில் வைக்கலாமா, ஜெல்லியை உறைய வைக்கும் பழச்சத்தான பெக்டின் கடையில் இல்லையே என்ன செய்வது என்று கேட்டிருக்கிறீர்கள். முடியும், ஆனால் கடைப் பெக்டின் இல்லாமல் செய்ததைப் பிரிட்ஜில்தான் வைக்க வேண்டும். திருகோணமலையில், உவர்மலைப் பக்கம் ஒரு சின்னக் குசினியில் நான் நாலு வருசமாகச் செய்து வருகிறேன். முதல் இரண்டு தடவையும் கெடுத்தேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

இந்தப் பெப்பர் மிளகு இல்லை, மிளகாய். ஜெல்லியும் பிறந்தநாள் வீட்டில் கோப்பைக்குள் ஆடுகிற ஜெலட்டின் ஜெல்லி இல்லை. நான் இதைச் செய்யப் போகிறேன் என்றபோது பெரியம்மா "உறைக்கிற ஜெலியோ? உனக்கென்ன விசரோ?" என்றுதான் கேட்டா. மிளகாய், வினாகிரி, சீனி மூன்றையும் கொதிக்க வைத்துப் பெக்டினால் உறைய வைப்பது, அவ்வளவுதான். அமெரிக்காவின் தென் மாநிலங்களில் இதைக் கிரீம் சீஸின் மேல் ஊற்றி, உப்பு பிஸ்கட்டோடு சாப்பிடுவார்கள். எனக்கு அறிமுகப்படுத்தியது டொராண்டோவில் இருக்கும் மச்சாள். அவ கொண்டுவந்த ஒரு போத்தலை நாங்கள் பொரித்த பாரை மீனோடு இரண்டு நாளில் முடித்துவிட்டோம்.

சமையலுக்கு முன்னால் வினாகிரியைப் பற்றிப் பேச வேண்டும், ஏனென்றால் பலரும் கைவைப்பது அதில்தான். புளிப்பு அதிகம் என்று பாதியாகக் குறைத்துத் தண்ணீர் சேர்ப்பார்கள். தயவுசெய்து வேண்டாம். மாம்பழம், அன்னாசி போலப் புளிப்பு உள்ள பழம் இல்லை மிளகாய். காற்றுப் புகாமல் அடைத்த போத்தலுக்குள் புளிப்புக் குறைந்த பொருள் இருந்தால் பொட்டுலினம் என்ற கிருமி வளர்ந்து நஞ்சு உண்டாக்கும். அதன் வித்துகள் கொதிநீரிலும் சாகாது. புளிப்பைக் காட்டும் பி.எச். அளவு (எண் குறையக் குறையப் புளிப்புக் கூடும்) 4.6க்குக் கீழே இருந்தால் மட்டும் அதனால் தலைதூக்க முடியாது. ஆகவே நீங்கள் போத்தலை எவ்வளவு நேரம் கொதிக்க வைத்தாலும் காவல் காப்பது வினாகிரிதான். போத்தலைத் திருப்பி லேபிளைப் பாருங்கள், அசெட்டிக் அமிலம் 5 சதவீதம் என்று இருக்க வேண்டும். கடையில் உள்ள எல்லா வினாகிரியிலும் அந்த அளவு இருக்காது. சதவீதம் எழுதாமல் விற்கும் வீட்டுத் தென்னை வினாகிரி சம்பலுக்கு அருமை, இதற்கு ஆகாது.

வெளிநாட்டிலிருந்து யாராவது வரும்போது திரவப் பெக்டின் கொண்டுவரச் சொல்ல முடிந்தால் வேலை சுலபம். அங்கே காலம்காலமாகச் செய்து, சோதித்துப் பார்த்த கணக்கு இது: விதை நீக்கிய பச்சை மிளகாய் 340 கிராம், வினாகிரி 2 கப், சீனி 6 கப், திரவப் பெக்டின் 85 மில்லிலீட்டர்ப் பை இரண்டு. கப் என்பது 240 மில்லிலீட்டர். மிளகாயை ஒரு கப் வினாகிரியோடு அரைத்து, மிச்ச வினாகிரியும் சீனியும் சேர்த்துப் பத்து நிமிடம் கொதிக்க விட்டு, பெக்டினை ஊற்றி இன்னும் ஒரு நிமிடம் தளதளவென்று கொதிக்க வைத்தால் முடிந்தது. அவர்கள் போடுவது ஹலபேனோ என்ற உறைப்புக் குறைந்த பச்சை மிளகாய். நம்ம பச்சை மிளகாயை மட்டும் 340 கிராம் போட்டால் யாரும் சாப்பிட மாட்டார்கள். நான் முக்கால் பங்கு கறிமிளகாயும் கால் பங்கு பச்சை மிளகாயும் எடுப்பேன். மொத்த எடை மட்டும் மாறக்கூடாது. சிங்களத்தில் நைமிரிஸ் என்று சொல்லும் சுருங்கின தோல் மிளகாய் கிடைத்தால் ஒன்றே ஒன்று சேர்த்துப் பாருங்கள். அதன் வாசம் வேறு எதிலும் வராது.

சீனி 6 கப்பா என்று நீங்கள் திடுக்கிடுவது தெரியும். நானும் முதல் தடவை பாதியாகக் குறைத்தேன். கிடைத்தது ஜெல்லி இல்லை, உறைப்புப் பாணி. பெக்டின் இறுகுவதற்குச் சீனி, புளிப்பு இரண்டும் வேண்டும், இந்த வகைப் பெக்டினுக்குச் சீனி கிட்டத்தட்ட அறுபது சதவீதத்துக்கு மேல் இருந்தால்தான் பிடிக்கும். இரண்டாம் தடவை அளவை இரட்டிப்பாக்கி ஒரே சட்டியில் ஏற்றினேன். கொதி வர நேரமாகி, பெக்டின் வெந்து உடைந்து, அதுவும் பாணிதான். பக்கத்து வீட்டுக்காரர் கட்லட்டுக்குத் தொட்டுச் சாப்பிட்டு "நல்லாயிருக்கு, இன்னும் இருக்கா" என்றார், அந்த அளவில் ஆறுதல்.

பெக்டினே கிடைக்கவில்லை என்றால்? நமக்கு விளாமரம் இருக்கிறதே. இந்த வறண்ட மண்ணில் அது எவ்வளவு செழித்து நிற்கிறது! விளாம்பழ ஜெல்லி இலங்கையில் பழைய பண்டம், அது உறைவதே அந்தப் பழத்தில் நிறையப் பெக்டின் இருப்பதால்தான். நன்றாகப் பழுத்து மணப்பதை எடுக்காதீர்கள். ஓடு உடைத்தால் உள்ளே இன்னும் வெளிறின நிறத்தில் இருக்கும் செங்காய்தான் வேண்டும், பழுக்கப் பழுக்கப் பெக்டின் குறையும். ஐந்தாறு காயின் சதையை வழித்து, மூழ்கும் அளவு தண்ணீர் விட்டு அரை மணி நேரம் மெல்லக் கொதிக்க வைத்து, பழைய வேட்டித் துணியில் கட்டி இரவு முழுக்கத் தொங்கவிடுவேன். பிழியக்கூடாது, பிழிந்தால் கலங்கிவிடும். காலையில் வடிந்திருக்கும் சாற்றில் ஒரு தேக்கரண்டி எடுத்து மூன்று தேக்கரண்டி ஸ்பிரிட்டில் விட்டு மெதுவாக ஆட்டிப் பாருங்கள். கட்டியாகத் திரண்டால் பெக்டின் போதும், நூல் நூலாகப் பிரிந்தால் போதாது. பார்த்ததும் அதைக் கொட்டிவிடுங்கள், ஸ்பிரிட் நஞ்சு.

இப்படி வடிந்த சாறு 3 கப்புக்கு, 150 கிராம் மிளகாயை வெட்டி ஒரு கப் வினாகிரியில் பத்து நிமிடம் கொதிக்க வைத்து வடித்ததைச் சேர்ப்பேன். சீனி மூன்றரைக் கப். பிறகு அகலமான சட்டியில் நல்ல தீயில் 104 பாகை வரும்வரை கொதிக்க விட வேண்டும். இது கடல் மட்டத்தில் இருக்கும் நம்ம ஊர்க் கணக்கு. நுவரெலியாவில் தண்ணீரே சுமார் 94 பாகையில் கொதித்துவிடும், ஆகவே அங்கே 98 பாகை. வெப்பமானி இல்லையென்றால் கரண்டியைச் சாய்த்துப் பாருங்கள். சொட்டுச் சொட்டாக விழாமல் இரண்டு சொட்டு ஒன்றுகூடித் தகடு போல வழுக்கி விழுந்தால் இறக்கலாம். நிறம் சாயம் குறைந்த பிளேன்டீ போல வரும், ஒரு துளி துவர்ப்பும் இருக்கும். எனக்கு அமெரிக்கக் கணக்கை விட இதுதான் பிடிக்கும். ஆனால் இந்த அளவு நானாகப் போட்டது, யாரும் ஆய்வுகூடத்தில் பார்த்ததில்லை. அதனால் விளாங்காய் ஜெல்லியைப் பிரிட்ஜில் மட்டும் வைக்கிறேன். சோதித்த கணக்கில் செய்ததுதான் அலுமாரிக்குப் போகும்.

கச்சான் காற்றுத் தூசிக்குப் பயந்து ஒருமுறை ஜன்னல் எல்லாம் சாத்திவிட்டு வினாகிரியில் மிளகாயைக் கொதிக்க வைத்தேன். வீடே இருமியது, பெரியம்மா முற்றத்தில் நின்று ஏசினா. தூசி வந்தாலும் பரவாயில்லை, திறந்து வையுங்கள். வெட்டும்போது கையுறை போடுங்கள். போட மறந்தால் தண்ணீரில் கழுவிப் பயனில்லை, உறைப்பு எண்ணெயில்தான் கரையும். தேங்காய் எண்ணெய் பூசித் தேய்த்து, அப்புறம் சவர்க்காரம்.

இனிப் போத்தல். திருகு வளையமும் தட்டை மூடியும் தனித்தனியாக உள்ள கண்ணாடிப் போத்தல்தான் இதற்குச் சரி. வளையத்தைத் திரும்பப் பாவிக்கலாம், தட்டை மூடி ஒவ்வொரு முறையும் புதிதாக வேண்டும். பழைய ஜாம் போத்தலை மூடியோடு திரும்பப் பாவித்தால் பிரிட்ஜில் வைக்கும் ஜெல்லிக்கு மட்டும். கால் லீட்டர்ப் போத்தலைச் சூடாக்கி, ஜெல்லி சூடாக இருக்கும்போதே வாயிலிருந்து அரை சென்டிமீட்டருக்குச் சற்று அதிகமாக இடம் விட்டு நிரப்பி, விளிம்பை ஈரத் துணியால் துடைத்து மூடுங்கள். பெரிய பானையின் அடியில் துவாய் மடித்துப் போட்டு, மூடிக்கு மேல் இரண்டு விரல் தண்ணீர் நிற்க, கொதி வந்த பிறகு பத்து நிமிடம். மலைநாட்டில் இன்னும் கூட்ட வேண்டும். சுடச்சுட ஊற்றித் தலைகீழாகக் கவிழ்த்து வைப்பதும், மெழுகு உருக்கி ஊற்றுவதும் பழைய பழக்கம், நம்ப வேண்டாம்.

ஆறும்போது 'டிக்' என்று மூடி உள்ளே இழுக்கும் சத்தம் கேட்கும். மறுநாள் மூடியின் நடுவை அழுத்திப் பாருங்கள். குழிந்து அசையாமல் இருந்தால் அலுமாரியின் அடித்தட்டில் ஒரு வருடம் வரை வைக்கலாம், நம்ம வெக்கைக்கு நிறம் மட்டும் கறுக்கும். அமுங்கி எழும்பினால் அது பிரிட்ஜுக்கு. இறுகவில்லை என்று அன்றைக்கே பதறிக் கொட்டிவிடாதீர்கள், சில வேளை இரண்டு கிழமை கழித்துக்கூட இறுகும்.