ஸ்பே வீச்சுக்கு எந்த ஷூட்டிங் லைன்? – வாசகர் கேள்வி பதில்

கேள்வி: ஃப்ளை (செயற்கை ஈ) கட்டி மீன்பிடிப்பதற்காக, இரண்டு கைகளாலும் பிடித்து வீசும் 13 அடி நீளமுள்ள, 7ஆம் எண் ஸ்பே கோல் ஒன்றில் ஓராண்டாகப் பழகி வருகிறேன். லைனின் கனமான முன்பகுதியான ஹெட்டில், குட்டையான ஸ்கேஜிட் ஹெட் ஒன்றும் நீண்ட ஸ்காண்டி ஹெட் ஒன்றும் வைத்திருக்கிறேன். அவற்றின் பின்னால் கோக்கும் ஷூட்டிங் லைனைத் தேர்ந்தெடுப்பதில்தான் குழப்பம். வழவழப்பான தங்கூஸ் நரம்பை (ஒற்றை இழை நைலான்) போட்டால்தான் தூரம் போகும் என்கிறார் ஒரு நண்பர். பிளாஸ்டிக் பூச்சுள்ள லைன்தான் கைக்கு அடங்கும் என்கிறார் இன்னொருவர். யார் சொல்வதைக் கேட்பது?

பதில்: இருவர் சொல்வதும் உண்மைதான். ஒருவர் தூரத்தைப் பற்றிப் பேசுகிறார், மற்றவர் கையைப் பற்றிப் பேசுகிறார். கையைப் பற்றிப் பேசுகிற நண்பருக்கே முதலில் செவிகொடுங்கள் என்பேன். காரணத்தைச் சற்று விரிவாகவே சொல்கிறேன்.

ஸ்காட்லாந்தின் ஸ்பே ஆற்றின் பெயரைத் தாங்கிய இந்த வீச்சில், லைனை முதுகுக்குப் பின்னால் முழுநீளத்துக்கு விரிக்க வேண்டியதில்லை. அதன் நுனியை நீரில் பதியவிட்டு, மீதியைக் கோலுக்குப் பின்புறம் வளைவாக வீங்கச்செய்து, அந்த வளைவின் கனத்தால் கோலை வளைத்து முன்னே செலுத்துகிறோம். கனம் முழுவதும் ஹெட்டில்தான் இருக்கிறது. உங்கள் கோலுக்கான ஸ்கேஜிட் ஹெட் 500 கிரெயின் எடை கொண்டது என்று வைத்துக்கொண்டால், அது ஏறத்தாழ 32 கிராம். அந்த ஹெட் பறக்கும்போது தன் பின்னே இழுத்துச் செல்லும் மெல்லிய லைன்தான் ஷூட்டிங் லைன். அது எவ்வளவு மெல்லியதாகவும் வழவழப்பாகவும் இருக்கிறதோ, அவ்வளவு குறைவாகவே கோலின் வளையங்களில் உராயும். ஹெட்டும் அவ்வளவு தொலைவு போகும். தங்கூஸ் நரம்பைப் பரிந்துரைக்கும் நண்பரின் வாதம் இதுதான், இதில் பிழை எதுவும் இல்லை.

ஆனால் வீசும் கணத்தில் உங்கள் மேல்கையைக் கவனித்துப் பாருங்கள். ஆள்காட்டி விரல் லைனைக் கைப்பிடியின் கார்க்கோடு சேர்த்து அழுத்திக்கொண்டிருக்கும். முன்வீச்சில் நீங்கள் கொடுக்கும் விசை முழுவதையும் தாங்கி நிற்பது அந்த ஒரு விரல்தான். வீச்சு முடிந்து கோல் நிற்கும் இடத்தில்தான் விரல் விடுபட வேண்டும். அதற்கு முன்பே லைன் அரை அடி நழுவினாலும் கோல் வளைந்த வளைவு தளர்ந்துவிடுகிறது. ஹெட் நீளாமல் பாதி வழியிலேயே குவியலாக விழுகிறது. குளிர்ந்த நீரில் இடுப்பளவு நின்று, விரல்கள் மரத்துப்போன காலை நேரத்தில், ஈரமான தங்கூஸ் நரம்பு மீன் செதிலைப்போல வழுக்கும். எனக்கு இப்படி ஒரு காலைப்பொழுது முழுவதும் வீணாகியிருக்கிறது. என் வீச்சில்தான் கோளாறு என்று எண்ணி எதையெதையோ மாற்றிப் பார்த்தேன், கோளாறோ விரலுக்கும் கார்க்குக்கும் இடையில் இருந்தது. கீழ்க்கையின் விரல்களாலும் லைனைச் சேர்த்துப் பிடித்துக்கொண்டால் இந்த நழுவலைத் தடுக்கலாம். அது கைவந்துவிட்டவர்களுக்குத் தங்கூஸ் நரம்பு அருமையான பொருள்.

அடுத்து, ஒவ்வொரு வீச்சுக்கும் எவ்வளவு லைனைக் கையால் இழுத்துச் சேர்க்க வேண்டியிருக்கிறது என்று கணக்கிடுங்கள். 23 அடி ஸ்கேஜிட் ஹெட், அதன் முன்னால் கோக்கும் 10 அடி டிப், அதன் நுனியில் ஃப்ளையைக் கட்டும் 4 அடி லீடர் என்றால் கூட்டினால் 37 அடி. 80 அடி தொலைவுக்கு வீசுவதானால், கோலின் நீளத்தை ஒதுக்கிவிட்டுப் பார்த்தாலும், 40 அடிக்கும் மேலான ஷூட்டிங் லைன் ஒவ்வொரு முறையும் உங்கள் விரல்களுக்கிடையே வந்து போகிறது. ஸ்காண்டி ஹெட் 35 அடி, லீடர் 15 அடி என்றால் இது 30 அடியாகக் குறைகிறது. நாள் முழுவதும் கையாளப் போகிற பொருள் அது. ஆகவே கைக்கு எப்படி இருக்கிறது என்பதை அற்பமாக எண்ணிவிடாதீர்கள்.

இழுத்துச் சேர்த்த லைன் நீரில் என்ன செய்கிறது என்பதும் முக்கியம். சாதாரண நைலான் நீரைவிடச் சற்றே அடர்த்தியானது, மெல்ல மூழ்கும். மிதப்பதற்கென்றே தயாரிக்கப்பட்ட வகைகளும் உண்டு. மூழ்கிய லைனை வீச்சு வேகத்தில் நீரிலிருந்து உருவி எடுக்க வேண்டியிருப்பதால், வழவழப்பால் கிடைத்த ஆதாயத்தில் ஒரு பகுதி அங்கேயே கரைந்துபோகிறது. பூச்சுள்ள மிதக்கும் லைன் மேற்பரப்பிலேயே கிடந்து எளிதாக மேலெழும். எந்த வகையானாலும், லைனை நீரில் விட்டுவிடாமல் கையில் மூன்று நான்கு வளையங்களாகச் சேர்த்து வைத்துக்கொள்ளுங்கள். முதல் வளையம் பெரியதாகவும் அடுத்தடுத்தவை சிறியவையாகவும் இருந்தால், விடும்போது ஒன்றோடொன்று சிக்காது.

தங்கூஸ் நரம்புக்கு இன்னொரு குணம்: ரீலில் சுற்றியிருந்த சுருளை அது எளிதில் மறப்பதில்லை. மீன்பிடிக்கத் தொடங்குமுன் கைக்குக் கை ஒரு மீட்டர் அளவில் பிடித்து, சில நொடிகள் நிதானமாக இழுத்து நிறுத்தினால் சுருள் நீங்கும். பூச்சுள்ள லைனிலும் இந்தத் தொல்லை உண்டு, குறிப்பாக வெப்பமான நீருக்கென்று தயாரித்ததைக் குளிர்நீரில் போட்டால் கம்பிபோல விறைத்துக்கொள்ளும். வெப்பநிலை உறைநிலைக்குக் கீழே போகும் நாட்களில் நிலைமை மாறுகிறது: பூச்சுள்ள லைன் கூடுதல் நீரைச் சுமந்துவந்து வளையங்களில் பனிக்கட்டியாக அடைத்துவிடும், மெல்லிய நரம்பில் அந்த அடைப்பு குறைவு.

பருமனைப் பொறுத்தவரை, பூச்சுள்ள லைன்கள் பெரும்பாலும் 0.030 முதல் 0.042 அங்குலம் வரை கிடைக்கின்றன. 7ஆம் எண் கோலுக்கு 0.035 அங்குலத்தையொட்டி எடுத்துக்கொள்ளலாம். அதைவிடத் தடித்தது ஹெட்டின் வாலில் பாரமாகத் தொங்கும். மெல்லியதை எடுப்பதானால் அதன் உள்நூல் எத்தனை பவுண்டு தாங்கும் என்பதைப் பெட்டியில் படித்துப் பார்க்காமல் வாங்காதீர்கள். உங்கள் லீடரின் நுனி நரம்பைவிட அது தெளிவாக வலுவாக இருக்க வேண்டும். 30 பவுண்டு என்பது நிம்மதியான அளவு. ஷூட்டிங் லைன் அறுந்தால் முழு ஹெட்டும் போய்விடுகிறது என்பது ஒரு புறம் இருக்கட்டும். அந்த நீளமான ஹெட்டை வாயில் இழுத்துக்கொண்டு ஒரு மீன் ஆற்றில் திரிய நேரும் என்பதை நினைத்தாவது இதில் கவனமாக இருங்கள்.

இப்போதைக்கு, பூச்சுள்ள மிதக்கும் லைனையே, ஹெட்டின் நிறத்திலிருந்து பளிச்சென்று மாறுபடும் நிறத்தில் வாங்குங்கள். நிறம் மாறும் இடம் கோல் நுனியை நெருங்குவதைக் கண்ணாலேயே பார்க்க முடிந்தால் பாதித் தவறுகள் தாமாகவே நீங்கும். வீச்சு சீராகப் படிந்தபின், உபரி ஸ்பூல் ஒன்றில் தங்கூஸ் நரம்பையும் சுற்றி வைத்து, குளிர்காலத்துக்கும் அகன்ற ஆறுகளுக்கும் பயன்படுத்தலாம்.

கேள்வி: ஹெட்டின் பின்நுனி கோலுக்கு வெளியே எவ்வளவு தள்ளி இருக்க வேண்டும்? ஹெட்டையும் ஷூட்டிங் லைனையும் இணைக்கும் வளையங்களைப் பற்றியும் சொல்லுங்கள்.

பதில்: ஸ்கேஜிட் ஹெட்டுக்கு ஓரிரு அடி, ஸ்காண்டிக்கு மூன்று அடியையொட்டி என்று தொடங்கி, உங்கள் கோலுக்கேற்பக் கூட்டியும் குறைத்தும் பாருங்கள். அதிகமாக வெளியே விட்டால் மெல்லிய லைனால் கனத்த ஹெட்டைத் திருப்ப முடியாமல் வளைவு தொய்ந்துவிடும். வளையங்களில் ஒன்று, சுருட்டிய ஹெட் முழுவதும் நுழைந்து வரும் அளவுக்குப் பெரியதாக இருந்தால் ஆற்றிலேயே ஹெட்டை மாற்றிக்கொள்ளலாம். இரு வளையங்களும் கை கோத்ததுபோல ஒன்றுக்குள் ஒன்று சமமாகப் படிய வேண்டும். ஒன்று மற்றொன்றின் கழுத்தைச் சுருக்குப்போட்டு இறுக்கினால் அவிழ்ப்பதும் கடினம், கோல் வளையங்களில் தட்டவும் செய்யும். மெல்லிய தங்கூஸ் நரம்பு ஹெட்டின் மென்மையான பூச்சை அறுக்கக்கூடியது என்பதால், அந்த வளையத்தை நரம்பை இரட்டையாக மடித்துக் கட்டுவது நல்லது.

கேள்வி: அரை நாள் வீசியதும் என் ஷூட்டிங் லைன் முறுக்கேறித் தானாகவே சிக்கிக்கொள்கிறது. லைன் தரமற்றதா?

பதில்: பெரும்பாலும் இல்லை. ஒரே கரையில் நின்று ஒரே வகை வீச்சைத் திரும்பத் திரும்பச் செய்யும்போது, ஒவ்வொரு வீச்சும் லைனை ஒரே திசையில் சிறிது முறுக்குகிறது. ஃப்ளையைக் கழற்றிவிட்டு, லைனை முழுவதுமாக நீரோட்டத்தில் விட்டுச் சில நிமிடங்கள் காத்திருந்தால் முறுக்கு அவிழ்ந்துவிடும். மீண்டும் சுற்றும்போது, ஹெட்டுக்குப் பின்னாலுள்ள முதல் சில அடிகளை விரல்நகத்தால் தடவிப் பாருங்கள். கோல் நுனியில் அன்றாடம் உராய்வது அந்த இடம்தான். பூச்சில் கீறலோ வெடிப்போ நகத்தில் தட்டுப்பட்டால், தயங்காமல் வெட்டிவிட்டுப் புதிய வளையம் கட்டுங்கள்.