எம்எஃப் டூமை எங்கிருந்து கேட்க ஆரம்பிக்கலாம்?

ராப் பாடகர் எம்எஃப் டூம் யார், அவருடைய எந்த ஆல்பத்தில் தொடங்குவது என்று கேட்டிருக்கிறீர்கள். தயங்காமல் 2004-ல் இசைத் தயாரிப்பாளர் மேட்லிப்புடன் சேர்ந்து செய்த 'மேட்வில்லனி' ஆல்பத்தைப் போடுங்கள். பெரும்பாலும் சின்னச் சின்னப் பாடல்கள், பல்லவியே அரிது. இயைபு வரிக் கடைசியோடு நிற்காது; வரி நெடுக ஒரே ஓசை அடுக்கடுக்காக வந்துகொண்டே இருக்கும். அதிலுள்ள 'அக்கார்டியன்' பாட்டு ஒன்று போதும், புரிந்துவிடும்.

டூம் லண்டனில் பிறந்து நியூயார்க்கின் லாங் ஐலண்டில் வளர்ந்தவர். தம்பி சப்ராக்குடன் கேஎம்டி என்ற ராப் குழுவில் பாடினார். 1993-ல் தம்பி கார் மோதி இறந்தார். அடுத்து குழுவின் இசைத்தட்டு நிறுவனமான எலெக்ட்ராவும் கைவிட்டது. சில வருடம் ஆளையே காணோம். அப்புறம் முகமூடியோடு திரும்பி வந்து 1999-ல் 'ஆபரேஷன்: டூம்ஸ்டே' ஆல்பத்தை வெளியிட்டார். தம்பியை இழந்த வலி அதில் அப்படியே இருக்கிறது. அதை இரண்டாவதாகக் கேளுங்கள்.